கீக்ளோக்: கூகுள் லாகின் போதும், ஃபேஸ்புக் நம்ம கம்பெனிகளுக்கு வேண்டாம்

திருப்பூரில் நடுத்தரமான பனியன் கம்பெனி எதற்குள் போனாலும் ஆர்டர் பார்க்க ஒரு வெப் அப்ளிகேஷன், அட்டெண்டன்ஸுக்கு ஒன்று, ஜாப் ஒர்க்குக்குப் போகும் துணிக்கு டிசி (டெலிவரி சலான்) போட இன்னொன்று என்று நாலைந்து ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்டு, அத்தனையும் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய சீட்டில். மெர்ச்சண்டைசர் வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போன பிறகும் அந்தச் சீட்டு அங்கேயேதான் இருக்கும். இந்தக் கூத்தை நிறுத்தத்தான், எல்லா அப்ளிகேஷனுக்கும் ஒரே லாகின் தருகிற கீக்ளோக் என்ற மென்பொருளை நாங்கள் போட்டோம். ஒரு தடவை ஜிமெயிலில் நுழைந்தால் போதும், மற்ற எல்லாமே திறந்துகொள்ளும்.

ரெட் ஹாட் என்ற மென்பொருள் கம்பெனிக்காரர்கள் ஆரம்பித்து 2014-ல் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. இலவசமாகப் பயன்படுத்த விடுகிற அப்பாச்சி லைசென்ஸ், ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் காசு கிடையாது. சீசனில் ஆள் கூடுவதும் அப்புறம் குறைவதுமாக இருக்கிற ஊருக்கு இதுவே பெரிய விஷயம்.

செட்டப் பயப்படும் அளவுக்கு இல்லைங்க. ஒரு ரியல்ம் (நம் ஆட்களும் அப்ளிகேஷன்களும் அடங்கும் தனிப் பகுதி) உருவாக்கி, ஒவ்வொரு அப்ளிகேஷனையும் அதில் கிளையண்டாகச் சேர்த்து, ஆள் யார் என்று உறுதி சொல்கிற ஐடென்டிட்டி புரொவைடரில் கூகுளைத் தேர்ந்தெடுத்தால் அதுவே ஒரு ரீடைரக்ட் முகவரியை, அதாவது லாகின் முடிந்ததும் கூகுள் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியைக் காட்டும். அதை அப்படியே காப்பி செய்து கூகுள் கிளவுட் கன்சோலில் ஒட்ட வேண்டும். கையால் டைப் அடிக்காதீர்கள், ஒரு எழுத்து மாறினாலும் கூகுள் 400 எரர் கொடுத்து வாசலிலேயே நிறுத்திவிடும். வெளியிலிருந்து வருவதை முன்னால் நின்று வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்குப் பின்னால் கீக்ளோக்கை வைப்பவர்கள், வெளி முகவரி எது என்று கீக்ளோக்குக்குத் தெரிவிக்கும் ப்ராக்ஸி ஹெட்டர் செட்டிங்கை மறக்கக்கூடாது. அது இல்லையென்றால் முகவரி எச்டிடிபிஎஸ் என்பதற்குப் பதில் வெறும் எச்டிடிபி என்று போகும், அதே 400 வரும், காரணம் மட்டும் லேசில் பிடிபடாது. கூகுள் பக்கம் ப்ராஜெக்டை டெஸ்டிங் நிலையிலேயே விட்டுவிடவும் வேண்டாம், அதில் 100 டெஸ்ட் ஆட்கள்தான் வரம்பு.

பலரும் கவனிக்காமல் விடுவது வேறொன்று. கூகுள் பட்டனை வைத்தவுடன் ஜிமெயில் இருக்கிற எவரும் அதை அமுக்கலாம், கீக்ளோக்கும் தன் வழக்கப்படி அவருக்குப் புதுக் கணக்கு தொடங்கிக் கொடுத்துவிடும். வருபவர் யார் என்றுதான் கூகுள் சொல்லும், அவர் நம் கம்பெனி ஆளா என்று சொல்லாது. அதனால் ரோல் (இன்ன வேலைக்கு அனுமதி என்ற அடையாளம்) கொடுத்தவர்களை மட்டும் உள்ளே விடும்படி ஒவ்வொரு அப்ளிகேஷனிலும் சோதனை வைக்க வேண்டும், அல்லது புதுக் கணக்கு தொடங்கும் அந்தப் படியையே ஃபர்ஸ்ட் புரோக்கர் லாகினில், அதாவது கூகுள் வழியாக ஒருவர் முதல் தடவை வரும்போது ஓடும் படிகளின் வரிசையில் (ஃப்ளோ) மாற்ற வேண்டும். இரண்டுக்கும் இடம் இருக்கிறது, ஆனால் அந்த ஃப்ளோ பக்கத்தை முதல் தடவை பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். இவ்வளவு முக்கியமான விஷயத்தை ஒரு சாதாரண சுவிட்சாக வெளியே வைத்திருக்கலாம்.

ஃபேஸ்புக்கை நாங்கள் சேர்க்கவில்லை. போன் நம்பரில் கணக்கு தொடங்கியவர்களுக்கு ஃபேஸ்புக்கிலிருந்து இமெயில் வராது, கீக்ளோக் உடனே ஒரு படிவத்தைக் காட்டி இமெயில் கேட்கும். செக்கிங் டேபிளில் நிற்கிற அக்கா அதில் என்ன போடுவார்? போதாக்குறைக்கு மெட்டா பக்கத்தில் ஆப்பை லைவ் ஆக்கப் பிரைவசி பாலிசி பக்கம் வேண்டும், தகவலை அழிக்கச் சொல்ல ஒரு வழி வேண்டும். இத்தனை பாடு இதற்குத் தேவையில்லை.

லாக் அவுட் விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை. டெஸ்பாட்ச் ரூமில் ஒரே கம்ப்யூட்டர், ஷிஃப்ட்டுக்கு ஒருவர் என்று வையுங்கள். காலை ஆள் நம் அப்ளிகேஷனில் லாக் அவுட் கொடுத்துவிட்டுப் போகிறார், ஆனால் பிரவுசரில் அவருடைய கூகுள் கணக்கு திறந்தேதான் இருக்கிறது. அடுத்து வருபவர் கூகுள் பட்டனை அமுக்கினால் எந்தக் கேள்வியும் இல்லாமல் காலை ஆளின் பெயரிலேயே உள்ளே போய்விடலாம், சாயங்காலம் போடுகிற டிசியெல்லாம் அவர் பெயரில் ஏறும். அந்த மாதிரி இடத்துக்கு குரோமில் கெஸ்ட் விண்டோ வைத்து, வேலை முடிந்ததும் மூடச் சொல்லுங்கள். இல்லையா, அவர்களுக்கு மட்டும் கீக்ளோக்கிலேயே யூசர் நேமும் பாஸ்வேர்டும் கொடுங்கள், எங்களுக்கு அதுதான் ஒத்துவந்தது.

ஆள் நின்றுவிட்டால் கீக்ளோக்கில் ஒரே இடத்தில் அவரை நிறுத்தி, திறந்திருக்கும் செஷனையும் (நடப்பு லாகினையும்) முடித்துவிடலாம். உள்ளே விடக் கீக்ளோக் கொடுக்கும் அனுமதிச் சீட்டான டோக்கனின் ஆயுள் செட்டிங்கை மாற்றாதவரை 5 நிமிடம்தான், ஆகவே டோக்கனைப் பார்த்தே உள்ளே விடும் அப்ளிகேஷன்களில் அதற்கு மேல் சுற்ற முடியாது. எங்கள் முதலாளிக்கு இந்த ஒன்று ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒரே ஒரு அப்ளிகேஷன் ஓட்டுபவர்கள் இதற்குள் போகாதீர்கள், அதற்கு நேராகக் கூகுள் லாகினே போதும். இரண்டுக்கு மேல் இருந்தால் தாராளமாகப் போடலாம். சர்வருக்கு 2 ஜிபி ராமாவது ஒதுக்குங்கள், கீக்ளோக் ஓடுகிற ஜாவா கொஞ்சம் சாப்பிடும். கூடவே வருகிற எச்2 டேட்டாபேஸை நம்பி இறங்காமல் ஆரம்பத்திலேயே போஸ்ட்கிரஸ் என்ற தனி டேட்டாபேஸைப் போட்டுவிடுங்கள்.