துப்பாக்கிக்குப் பட்டப்பெயர் பொறிக்க பாரிமுனை: எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டால், அடுத்த ஆசை அதைக் கட்டையில், அதாவது குழலைத் தாங்கும் பிடிப்பகுதியில், பொறிப்பது. வடசென்னையில் இதற்கென்று தனிக் கடை கிடையாது. பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, என்.எஸ்.சி. போஸ் சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்துகளில் ரப்பர் ஸ்டாம்பும் வக்கீல் பெயர்ப்பலகையும் செய்கிற சின்னக் கடைகள்தான் இதையும் செய்து தருகின்றன. ஒரு கடையை மட்டும் பிடித்துப் புகழவோ திட்டவோ இதை எழுதவில்லை. எந்திரமும் கை வேலையும் பெரும்பாலும் ஒரே மாதிரி என்பதால் வேலையையே எடை போடுவோம்.

பித்தளைத் தகடு வெட்டிச் செதுக்குவதில் குறை சொல்ல இடமில்லை. தமிழ் எழுத்து கோப்பதில் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கட்டையில் பொருத்துவதை அவர்களிடம் விடாதீர்கள். குழலில் லேசர் வைக்கலாம் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் சட்டம், ஏனென்றால் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. வாய் அளவும் 20 ஜூலுக்கு மேற்போகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதைக் கடைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் உறைக்குள் போட்டு, பில்லையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பாரிமுனைக் கூட்டத்தில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பது வீண் வம்பு. லைசென்ஸ் துப்பாக்கி என்றால் கதையே வேறு. அதைப் பழுது பார்க்கவோ மாற்றவோ உரிமம் உள்ளவர்தான் தொட வேண்டும், ஸ்டாம்பு கடைக்காரருக்கு அந்த உரிமம் கிடையாது. அளவை மட்டும் கொண்டுபோய்த் தகடு செய்து வாங்குங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி துப்பாக்கியில் உள்ள எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். 'பேர் நடுவுல அழகா வரணும்' என்று அந்த எண்மேல் கை வைத்துவிடக் கூடாது.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் பொதுவாக இரண்டு லைசென்ஸ் துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. வேட்டைக்கு 1972 வனவிலங்குச் சட்டமே கதவைச் சாத்திவிட்டது. ஆகவே இன்றைக்குப் பட்டப்பெயர்கள் பெரும்பாலும் ஏர் ரைஃபிளில்தான் வாழ்கின்றன.

பெயரைப் பொறிக்க மூன்று வழி சொல்வார்கள். கட்டையிலேயே கார்பன் டை ஆக்சைடு லேசரால் எரிப்பது ஒன்று. வெளிறிய மரத்தில் இது நன்றாகவே தெரியும். கறுத்த மரத்தில் பழுப்பின்மேல் பழுப்பு, இரண்டடி தள்ளி நின்றால் எழுத்தே இல்லை. வார்னிஷ் பூசிய கட்டையில் எழுத்தின் ஓரம் கொப்பளித்துப் புகைக்கறை படரும். முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் எரிக்கச் சொன்னால் கறை டேப்போடு போய்விடும். சொல்லாவிட்டால் ஒட்ட மாட்டார்கள். பிளாஸ்டிக் கட்டைக்கு இந்த வழியே வேண்டாம், ஓரம் உருகித் தடித்துவிடும். இதில் திரும்பி வரும் வழி கிடையாது என்பதுதான் பெரிய குறை. பெயர் பிடிக்காமல் போனால் மரத்தை இழைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஃபைபர் லேசரால் இரும்புக் குழலில் பொறிப்பது. சில நிமிட வேலை, பார்க்கக் கவர்ச்சி. ஆனால் குழலின் கருநீலப் பூச்சைச் சுட்டு நீக்கித்தான் எழுத்து வெளியே வருகிறது. பூச்சு போன இடம் வெறும் இரும்பு. காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கத்து உப்புக் காற்றில் எண்ணெய் துடைக்காமல் விட்டால் எழுத்தின் வடிவத்திலேயே துரு பிடிக்கும். ஏற்கெனவே செய்துவிட்டவர்கள், வெறும் இரும்பை மறுபடி கருநீலமாக்கும் 'கோல்டு புளூ' (cold blue) திரவத்தை எழுத்துக்குள் தொட்டுத் தொட்டு வைத்து, துடைத்து, உடனே எண்ணெய் பூசி வைக்கலாம். எழுத்து கொஞ்சம் மங்கும், குழல் பிழைக்கும்.

மூன்றாவது, பித்தளைத் தகடு. ஜார்ஜ் டவுன் கடைகளின் கை பேசுவது இதில்தான். தகடு 0.8 மி.மீ. போதும், 1 மி.மீ. என்றால் செதுக்க இன்னும் நல்லது. சுழல் கத்தி எந்திரத்தில் 0.2 முதல் 0.3 மி.மீ. ஆழம் கேளுங்கள். இதையே லேசரில் 'மார்க்கிங்' என்று சுரண்டித் தந்தால் ஆழம் இருக்காது, நாலு முறை பிராஸ்ஸோ போட்டுத் தேய்த்தால் பெயர் கரைந்துவிடும். நகத்தை எழுத்தின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்ட வேண்டும், வழுக்கினால் திருப்பிக் கொடுங்கள்.

வடிவம் செவ்வகமாக வேண்டாம், நீள்வட்டம் கேளுங்கள். தோளில் அணைக்கும் பின்பகுதியான பட்டின் (butt) பக்கம் வளைந்தது. அதில் செவ்வகத் தகட்டின் நான்கு மூலையும் சீக்கிரம் தூக்கிக்கொள்ளும், சட்டையில் மாட்டும். பழைய இங்கிலாந்து வேட்டைத் துப்பாக்கிகளிலும் உரிமையாளரின் முதலெழுத்துக்கு பட்டின் அடிப்பக்கம் ஒரு சின்ன நீள்வட்டம்தான் பதித்திருப்பார்கள். 38 மி.மீ. நீளம், 22 மி.மீ. அகலம் என்றால் ஒரு குட்டிப் பெயரும் அடியில் ஒரு சின்ன வரியும் அடங்கும்.

வளைவை முன்கூட்டியே பாருங்கள். பட்டர் பேப்பரைக் கட்டைமேல் வைத்து ஓரத்தைப் பென்சிலால் தேய்த்து எடுத்தால் அளவு சரியாக வரும். செதுக்கும் எந்திரத்துக்குத் தட்டையான தகடு வேண்டும். எனவே முதலில் திருகு ஓட்டை, பிறகு செதுக்கல், பிறகு ஒரு குழாய்மேல் வைத்துக் கட்டைவிரலால் மெல்ல வளைத்தல், கடைசியில் கறுப்பு நிரப்புதல் என்ற வரிசை மாறக் கூடாது. கடைகளில் அவசரத்துக்கு எனாமலை நிரப்பிவிட்டுத்தான் வளைப்பார்கள், எழுத்துக்குள் பெயின்ட் விரிசல் விடும். நிரப்பிய பெயின்டை விரலில் துணி சுற்றித் துடைத்தாலும் குழிக்குள் இருப்பது சேர்ந்து வந்துவிடும். சின்ன மரத்துண்டில் துணியை இழுத்துக் கட்டி, தின்னர் லேசாக நனைத்து, ஒரே திசையில் துடைக்க வேண்டும்.

இனி தமிழ். கடைகள் கோட்டை விடுவது இங்கேதான். அச்செழுத்தின் மேல் ஊசியை ஓட்டினால் அதே வடிவைத் தகட்டில் வெட்டும் பழைய பேன்டோகிராஃப் எந்திரங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில எழுத்து அச்சுகளே உண்டு, தமிழ் என்றால் கணினிதான். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோடு பெயரை கடையின் பழைய மென்பொருளில் ஒட்டும்போது 'கொ', 'பொ' உடையும், கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் போய் நிற்கும். இதற்குத்தான் சிலர் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்கிறார்கள், அப்போது வேறு எழுத்துப் பிழை நுழையும். பெயரை நீங்களே வடிவமைத்து, எழுத்துகளை 'கர்வ்ஸ்' ஆக, அதாவது எழுத்துருவே தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிய பி.டி.எஃப். கோப்பாகக் கொண்டுபோனால் இந்தச் சிக்கல் முழுக்க ஒழியும்.

அடுத்தது புள்ளி. 'சின்னப்பொண்ணு' என்று ஒருவர் தன் ரைஃபிளுக்குப் பெயர் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்று புள்ளிகள், ஒரு 'பொ', ஒரு 'ண்', ஒரு 'ணு'. கத்தி ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு முறைதான் தொட்டு எடுக்கும், எழுத்தைவிட அந்தக் குழி ஆழம் குறைவு. மேலே 600 நம்பர் உப்புத்தாளால் தேய்த்ததும் முதலில் காணாமல் போவது புள்ளிதான். 'சினனபபொணணு' என்று தகடு கைக்கு வரும். 'ண'வின் சுழிகளோ 4 மி.மீ. உயரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 3 மி.மீ. போதும். தமிழுக்கு 6 மி.மீ.க்குக் கீழே இறங்காதீர்கள். கோடு எங்கும் ஒரே தடிமனாக உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், மெல்லிசும் தடிப்புமாக வளையும் அலங்கார எழுத்து வேண்டாம். புள்ளியைச் சின்ன வட்டமாக வரைந்து கொடுத்தால் கத்தி சுற்றி வந்து செதுக்கும், நிலைக்கும்.

கடைப் பையன் கைபேசித் திரையில் காட்டி "ஓகேவாண்ணா?" என்று கேட்பான். அந்தத் திரையைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். அசல் அளவில் தாளில் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். ஐந்து ரூபாய்க் காகித வேலை, ஆனால் கேட்டால்தான் தருவார்கள். அந்தத் தாளைக் கட்டைமேல் ஒட்டிப் பார்த்தால் பெயர் பெரிதா சிறிதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கூலி வரிக் கணக்கா எழுத்துக் கணக்கா என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். எழுத்துக் கணக்கு என்றால் 'பொ' ஒன்றா மூன்றா என்று பிறகு தகராறு வரும்!

பெயர் எப்படி இருக்கலாம் என்பது அவரவர் விருப்பம். இருந்தாலும் ஒன்று சொல்லலாம். நிலைத்த பெயர்களைப் பார்த்தால் மிரட்டுவதற்கு வைத்ததைவிடச் செல்லத்துக்கு வைத்ததே மனதில் நிற்கிறது. அமெரிக்க எல்லைப்புற வீரர் டேவி கிராக்கெட் தன் துப்பாக்கியை 'பெட்சி' என்றுதான் அழைத்தார். எருமை வேட்டைக்காரர் பஃபலோ பில் 'லுக்ரேஷியா போர்ஜியா' என்று இத்தாலியச் சீமாட்டியின் பெயரை வைத்தார். பீரங்கிகளுக்கு வேறு கம்பீரம்: பிஜாப்பூரில் 'மாலிக்-இ-மைதான்', தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் 'ராஜகோபால பீரங்கி'. ஏர் ரைஃபிளுக்கு 'எமன்', 'ரத்தம்' என்றெல்லாம் பொறித்து வைத்தால் சோதனைச் சாவடியில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். 'கருப்பி', 'ராசாத்தி', சரியாகச் சுடாததற்கு 'தூங்குமூஞ்சி' போதாதா?

அடியில் இரண்டாவது வரி சேர்ப்பதானால் ஜிம் கார்பெட்டின் ரிக்பி .275 நல்ல பாடம். 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் ஹெவெட் பரிசளித்த ரைஃபிள் அது. அதன் கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் கொடுத்தவர், பெற்றவர், காரணம், ஊர், ஆண்டு எல்லாம் இருக்கின்றன. அடுக்குமொழி எதுவும் இல்லை. பெயருக்குக் கீழே வாங்கிய ஆண்டு, ஊர் போதும். வீட்டு முகவரி, கைபேசி எண் வேண்டாம்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். கடையில் கொடுத்தால் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டித் தருவார்கள், துப்பாக்கி எண்ணெய் பட்டதும் பிசின் இளகித் தகடு நகரும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் பின்னுக்கு ஒரு முறை உதைத்து, பிஸ்டன் முட்டும்போது முன்னுக்கும் ஒரு முறை உதறும். சாதாரணத் துப்பாக்கிக்கு வாங்கிய டெலஸ்கோப்பே இந்த இரட்டை உதறலில் உடைகிறது. தகட்டுக்கு ஒட்டும் வேண்டும், திருகும் வேண்டும்.

வலது கைக்காரர் கன்னம் வைப்பது பட்டின் இடப்பக்கம், ஆகவே தகடு வலப்பக்கம். ஓரத்திலிருந்தும் பட்டின் நுனியிலிருந்தும் 20 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள், நுனியில் மரம் நார்வாக்கில் பிளக்கும். தகட்டின் பின்புறத்தை 120 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தின்னரால் துடையுங்கள். அதற்குக் கீழே உள்ள வார்னிஷையும் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டு மரத்தைப் பிடிக்காமல் வார்னிஷைத்தான் பிடித்திருக்கும். மெதுவாக இறுகும் அரால்டைட்டின் இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு எடுத்துக் குழைத்து மெல்லிசாகத் தடவி, ஒரு நாள் கட்டி வையுங்கள்.

திருகு 2 மி.மீ. தடிமன், 8 மி.மீ. நீளத்தில் பித்தளை. செம்புதாஸ் தெரு ஹார்ட்வேர் கடைகளில் தேடலாம். முதலில் 1.5 மி.மீ. ஓட்டை போட்டு, அதே அளவு இரும்புத் திருகை ஒரு முறை ஏற்றி இறக்குங்கள். பிறகு பித்தளைத் திருகில் சோப்பு தேய்த்து ஏற்றுங்கள். நேரடியாகப் பித்தளையைத் திருகினால் தலை முறிந்து கையோடு வரும், மிச்சம் மரத்துக்குள் மாட்டிக்கொள்ளும். கடைசிக் கால் சுற்றில் சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கடலோரத்தில் பித்தளை பச்சை பூப்பது இயல்பு. பளபளப்பாக்கியதும் தெளிவான லாக்கர் ஒரு பூச்சு அடித்தால் நெடுநாள் தாங்கும். அதற்கு மேல் பிராஸ்ஸோ போடக் கூடாது, லாக்கர் திட்டுத் திட்டாக உரிந்து அசிங்கமாகும். எவர்சில்வர் தகடு கேட்பவர்கள் 304 ரகம் என்றால் இந்தக் காற்றில் பழுப்புக் கறை படியும் என்று தெரிந்து வாங்குங்கள்.

மண்ணடியிலோ உயர் நீதிமன்றத்திலோ மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், மாலை நேரம் ஸ்டாம்பு அவசரக்காரர்கள் கூட்டம். காலையில் கடை திறந்ததும் போனால் அச்சைப் பார்க்க, திருத்த, மறுபடி பார்க்கப் பொறுமை காட்டுவார்கள். தகடு போடும்போதே அதே கோப்பில் இரண்டாவதும் ஒன்று வெட்டி வாங்கிவிடுங்கள். எந்திரத்தில் செட்டிங் ஏற்கெனவே நிற்பதால் இரண்டாவதற்குக் கூலியைக் குறைத்துக் கேட்கலாம்.