ஒன்றை அழுத்தவும், எதற்கு?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலுள்ள எங்கள் கொலுசுப் பட்டறைக்கு வரும் அழைப்புகளைத் தானாகப் பிரித்து அனுப்பும் தொலைபேசிச் சேவை ஒன்றை ஆனி மாதம் முதல் பயன்படுத்தி வருகிறோம். வெளியூர் மொத்த வியாபாரிகள், கூலிக்கு வீட்டிலிருந்தே சங்கிலி கோத்துத் தரும் பெண்கள், அன்றைய வெள்ளி விலை கேட்போர் என அனைவரும் ஒரே எண்ணில் அழைப்பதால், எடை போடுபவர் தராசை விட்டு எழுந்து வர வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை தீர்ந்தது. கொடுத்த பணம் வீணாகவில்லை.

குறை கருவியில் இல்லை, அது பேசிய தமிழில் இருந்தது. நிறுவனத்தார் பதிந்து கொடுத்த குரல், "ஒன்றை அழுத்தவும், புதிய ஆர்டர்களுக்கு, இரண்டை அழுத்தவும், கணக்குப் பிரிவுக்கு" என்று அடுக்கியது. எண்ணை முதலில் கேட்பவர், அது எதற்கென்று தெரியும் வரை அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். தமக்கு வேண்டியது முதலில் காதில் விழுந்தால், அடுத்து வரும் எண்ணை உடனே அழுத்திவிடலாம். தமிழில் அந்த வரிசைதான் இயல்பு என்பதை, ஆங்கில வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர் கவனிக்கவில்லை போலும். எங்கள் கணக்கரின் குரலிலேயே "கூலிக் கணக்குக்கு இரண்டு" என்று மாற்றிப் பதிந்த பிறகு, இடம் மாறி வரும் அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன. 'பிரிவு' என்ற சொல்லையும் எடுத்துவிட்டோம். மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பிரிவு ஏது?

வாயால் சொன்னால் புரிந்துகொள்ளும் வசதியும் கூடுதல் கட்டணத்தில் கிடைக்கிறது. மெருகு போடும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே பேசுபவர்களிடம் அது எடுபடவில்லை. வெள்ளியின் தரத்தைக் குறிக்க நாங்கள் சொல்லும் "எண்பது டச்" அதற்கு விளங்கவே இல்லை. 1963 முதல் வழக்கிலுள்ள விசையொலி முறையே போதுமானது. அதில் ஒவ்வொரு விசைக்கும் இரண்டு ஒலிகள் சேர்ந்து எழும். 1 என்ற எண்ணுக்கு 697, 1209 ஹெர்ட்ஸ். பேச்சோ இரைச்சலோ அந்த இணையைத் தற்செயலாக எழுப்புவது அரிது.

எதையும் அழுத்தாமல் காத்திருப்பவரை ஆளிடம் இணைப்பதற்குப் பதிலாக, பட்டியலை மூன்று முறை ஒப்பித்துவிட்டு இணைப்பைத் துண்டித்ததுதான் பெரிய குறை. எங்களுக்கு நெடுங்காலமாக வேலை செய்து தரும் வயதான பெண்கள் பலர் அப்படிக் காத்திருப்பவர்களே. மாற்றித் தருமாறு ஆடியில் கேட்டோம். தீபாவளி ஆர்டர்கள் எல்லாம் போன பிறகு, ஐப்பசிக் கடைசியில் மாற்றிக் கொடுத்தார்கள்.