'சோர்வுக்கு மூல காரணம் கண்டுபிடிக்கிறோம்'னு வர்றவங்ககிட்ட மாட்டிக்காதீங்க

ஒரு மாசச் சம்பளம் முழுசா போச்சு. பணத்தைக் கறந்தது ஆன்லைன்ல டெஸ்ட் பேக்கேஜ் விக்கிற தளம் ஒண்ணு. பேர் வேண்டாம், இதே மாதிரி நிறைய இருக்கு.

இருபதுகள்ல இருக்கிறவங்கதான் இவங்க குறி. தீராத சோர்வு, எழுந்து நின்னா கிறுகிறுப்பு, படபடப்பு. டாக்டர்கிட்ட போனா "எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைங்க". அந்த நேரம் பார்த்து வீடியோ கால்ல ஒருத்தர் குறுக்க பேசாம எல்லாத்தையும் கேட்டுட்டு, "இது கற்பனை இல்ல, உங்களை யாரும் சரியாப் பார்க்கல"ன்னு சொல்றார். பணம் கைமாறுறது அந்த ஒரு வரிக்குத்தான். என்ன டெஸ்ட்னே அப்புறம்தான் தெரியும்.

விரல்ல குத்தின ரத்தத்துல 200 உணவுக்கு ஐஜிஜி (ரத்தத்துல இருக்கிற ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) பார்ப்பாங்களாம். ஐஜிஜி காட்டுறது அந்த உணவு உடம்புக்குப் பழக்கம்ங்கிறதை, அவ்வளவுதான். அடிக்கடி சாப்பிடுறதுதான் ரிப்போர்ட்ல சிவப்புல வரும். உடனடி அலர்ஜிக்குப் பார்க்கிறது ஐஜிஇ-ங்கிற வேற வகை. உணவு ஒத்துக்கலையான்னு கண்டுபிடிக்க ஐஜிஜி4 (ஐஜிஜி-யிலேயே ஒரு உட்பிரிவு) உதவாதுன்னு ஐரோப்பிய அலர்ஜி மருத்துவ அமைப்பு 2008-லயே அறிக்கை விட்டாச்சு.

காசு போனதை விட மோசம், கூடவே தள்ளிவிட்ட மாத்திரை டப்பா. லேபிள்ல பொடி எழுத்துல பயோட்டின்ங்கிற வைட்டமின் 10 மில்லிகிராம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும்! பல லேப்கள்ல ஹார்மோன் டெஸ்ட்டே பயோட்டின் பிணைப்பை வச்சுத்தான் ஓடுது. ரத்தத்துல அது கூடிக் கிடந்தா தைராய்டைத் தூண்டுற ஹார்மோனான டிஎஸ்எச் பொய்யா இறங்கும், தைராய்டு சுரக்கிற டி4 பொய்யா ஏறும். இல்லாத ஹைப்பர் தைராய்டு (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது) ரிப்போர்ட்ல வந்து உட்காரும். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-ல இதைப் பத்தி எச்சரிச்சிருக்கு. அதே டப்பால வைட்டமின் பி12-உம் இருக்கு, நிஜமான குறைபாடு இருந்தாலும் மறைஞ்சிடும். கோதுமையை நிறுத்தச் சொன்னது அடுத்த வினை. சீலியாக் நோய்க்கான (கோதுமையில இருக்கிற குளூட்டனால குடல் கெடுறது) டிடிஜி-ஐஜிஏ ரத்த டெஸ்ட் கோதுமை சாப்பிட்டுட்டு இருக்கும்போது எடுத்தாதான் செல்லும். நிறுத்திட்டுப் போனா நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம், திரும்ப வாரக்கணக்குல சாப்பிட்டுட்டு எடுக்கணும். ஒரு மாசச் சம்பளத்தைக் கொடுத்து, அடுத்து எடுக்க வேண்டிய நல்ல டெஸ்ட்டையும் கெடுத்துக்கிட்டதுதான் மிச்சம்.

சோர்வு கூடிருச்சுன்னு சொன்னதுக்குப் பதில், "நச்சு வெளியேறுது, நல்ல அறிகுறி". ஐஜிஜி பத்திக் கேட்டா "இது நோயறிதல் இல்ல, வெல்னஸ் ரிப்போர்ட்". விக்கும்போது மூல காரணம், கேள்வி கேட்டா வெல்னஸ்! பணத்தைத் திருப்பிக் கேட்டா "சாம்பிள் லேபுக்குப் போயாச்சு". அதுக்கப்புறம் சாட்ல "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது". யார் முடிச்சா? ஒரு மாசச் சம்பளம்யா!

என்ன செய்யணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப முடியல. சுருக்கமா: ஹீமோகுளோபின் நார்மல்னா இரும்புச்சத்தும் நார்மல்னு அர்த்தமில்ல, உடம்புல இரும்பு இருப்பைக் காட்டுற பெரிட்டின் டெஸ்ட்டைத் தனியாக் கேளுங்க. நின்னா படபடப்புன்னா, 10 நிமிஷம் படுத்து நாடியும் பிரஷரும் குறிங்க, அப்புறம் 10 நிமிஷம் நின்னு குறிங்க (பக்கத்துல ஆள் இருக்கட்டும், மயக்கம் வந்தா உட்கார்ந்துடுங்க). பிரஷர் விழாம நாடி மட்டும் படுத்திருந்தப்போ இருந்ததை விட 30-க்கு மேல ஏறி அப்படியே நின்னா, 19 வயசு வரைக்கும்னா 40, அந்தத் தாளை டாக்டர் மேஜையில வைங்க. ரத்தம் கொடுக்கிறதுக்குக் குறைஞ்சது 2 நாள் முன்னாடி பயோட்டினை நிறுத்துங்க. டோஸ் பெருசுன்னா எத்தனை நாள்னு லேப்ல கேளுங்க. டப்பாவைத் தூக்கிப் போடாதீங்க, லேபிளை டாக்டர்கிட்ட காட்டுங்க. கார்டுல கட்டியிருந்தா இன்னைக்கே பேங்க்ல புகார் கொடுங்க, அதுக்குக் கெடு இருக்கு.