சேலத்தில் ப்ராசசர் மாற்றப் போகிறவர்கள் படிக்கவும்: "போர்டு போச்சு" என்ற பொய்க்கு ₹9,200

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சேலம் புது பஸ் ஸ்டாண்டு பக்கம், உதிரி விற்பனையோடு சர்வீசும் பார்க்கிற ஒரு கடை. கம்ப்யூட்டரில் ப்ராசசர் மாற்றக் கொடுத்த என் தம்பியிடம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மதர்போர்டு செத்துப்போச்சு என்று சொல்லி ₹9,200 வாங்கிவிட்டார்கள். புது போர்டு 6,900, யாரோ பயன்படுத்திக் கழித்த கிராபிக்ஸ் கார்டு 1,800, கூலி 500. ப்ராசசர் விலை இதில் சேரவில்லை, அது தனி.

தம்பியிடம் இருந்தது பி450 ரக போர்டும் ரைசன் 5 2400ஜி ப்ராசசரும். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 2400ஜிக்குள்ளேயே வேகா 11 என்ற கிராபிக்ஸ் இருப்பதால் மானிட்டர் கேபிள் நேராக போர்டில் சொருகியிருந்தது. இதைக் கழற்றிவிட்டு அவர்கள் விற்றது ரைசன் 5 5600. பெயரின் முடிவில் ஜி என்ற எழுத்து இல்லாத 5600க்குள் கிராபிக்ஸே இல்லை. கார்டு இல்லாத சிஸ்டத்தில் அதைப் போட்டால் உலகத்தில் எந்த போர்டிலும் படம் வராது. "கார்டு இருக்குங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 5600ஜி எடுத்துக் கொடுத்திருக்கலாம். கேட்கவில்லை.

தம்பி விவரம் தெரியாமல் போகவில்லை. "2019ல வாங்கின போர்டுங்ண்ணா, பயாஸ் அப்டேட் பண்ணாம புதுச எடுக்காதே?" என்று கேட்டிருக்கிறான். பயாஸ் என்பது சிஸ்டத்தை எழுப்ப போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள், அது பழசாக இருந்தால் புது ப்ராசசரை அடையாளம் தெரியாது. "அதெல்லாம் நாங்களே போட்டுத் தர்றோம் தம்பி, தினமும் இதே வேலைதான். வெச்சிட்டுப் போங்க, சாயந்திரம் வாங்கிக்கலாம்." அந்தப் பதிலை நம்பித்தான் விட்டுவிட்டு வந்தான். சாயந்திரம் போன் வருகிறது: "பயாஸெல்லாம் போட்டுப் பாத்தாச்சு, ஃபேன் சுத்துது, டிஸ்பிளே வரல. போர்டு போச்சுங்க." புது போர்டு மாட்டியும் படம் வந்திருக்காது, 5600இல்தான் கிராபிக்ஸ் இல்லையே. உடனே ஒரு ஜிடி 710 கார்டைச் சொருகி அதற்கும் காசு. பழைய வேகா 11 பக்கத்தில் கூட நிற்காது அந்தக் கார்டு. போர்டு மாறியதில் விண்டோஸ் ஆக்டிவேஷனும் போனது.

பழைய போர்டைக் கேட்டு வாங்கி வந்ததால்தான் உண்மை தெரிந்தது. கேபினெட்டுக்கு வெளியே அட்டைப்பெட்டி மேல் வைத்து, 2400ஜியை மாட்டி, ராம் ஒன்றை மட்டும் ப்ராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, 24 பின் கேபிளும் ப்ராசசர் பக்கத்து 8 பின் கேபிளும் கொடுத்து ஆன் செய்தால் உடனே படம் வருகிறது. பயாஸ் திரையில் தேதி 2019! 5600 வெளிவந்ததே 2022 ஏப்ரலில். "போட்டுப் பாத்தாச்சு" என்றது பச்சைப் பொய், பயாஸை யாரும் தொடவே இல்லை.

பிறகு முறைப்படி செய்தோம். போர்டின் சரியான மாடலும் ரிவிஷன் எண்ணும் பார்த்து, தயாரிப்பாளர் தளத்திலிருந்து பயாஸ் இறக்கி, ஃபேட்32 ஃபார்மட் செய்த பென் டிரைவில் போட்டு, 2400ஜி மாட்டியிருக்கும்போதே பயாஸுக்குள் இருக்கும் வசதி வழியாக அப்டேட். சில போர்டுகள் நேராகக் கடைசிப் பதிப்புக்குப் போகாது, நடுவில் ஒரு பதிப்பு போட வேண்டும். டவுன்லோடு பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்டு நிஜமாகவே போய்விடும், அதனால் யூபிஎஸ் கட்டாயம். மழைக்காலத்தில் ஏற்காட்டில் இருப்பவர்கள் இதைச் சும்மா விடாதீர்கள். அதன்பின் பவரை எடுத்துவிட்டு 5600 மாற்றி, போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்து மாட்டி, கார்டு சொருகி ஆன் செய்தோம். ராமைச் சரிபார்க்கும்போது தானாக அணைந்து அணைந்து எழும், பயந்து நிறுத்தக் கூடாது. படம் வந்தது. "செத்துப்போன" போர்டு இதோ ஓடுகிறது.

கடையில் கேட்டால் முதலில் "ஓனர் வெளியூர்ல இருக்காரு". அடுத்து "மெக்கானிக் லீவுங்க". கடைசியில் ஓனரே பேசினார்: "அப்ப ஓடல, இப்ப ஓடுதுன்னா நாங்க என்னங்க பண்றது? வித்த சரக்கு வாபஸ் இல்லைன்னு எழுதித்தானே கொடுத்தோம்." எழுதிக் கொடுத்தது எஸ்டிமேட் சீட்டு. அதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. ₹9,200 கொடுத்ததற்கு யூபிஐ பதிவு மட்டும்தான் சாட்சி.

விரிவாக எழுதப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பழைய ப்ராசசரைக் கொடுத்துவிடாதீர்கள். "ஆயிரத்துக்கு எடுத்துக்கறோம்" என்று எங்களிடமும் கேட்டார்கள். அது போய்விட்டால் பயாஸும் போட முடியாது, போர்டு உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்க முடியாது. போர்டு போச்சு என்றால், கண் முன்னால் பழையதை மாட்டி ஆன் செய்யச் சொல்லுங்கள். இந்த ரைசன்கள் போன்ற ஏஎம்4 வகை ப்ராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்தால் பின் வளையும். சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரைத் திருகி எடுக்கச் சொல்லுங்கள். இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் எஃப் இருந்தால் அதிலும் கிராபிக்ஸ் இல்லை. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயை முதலிலேயே எழுதி வையுங்கள், ப்ராசசர் மாறினால் கேட்கும்.

இதே மாதிரி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம், ₹5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. எங்கள் ₹9,200க்கான மனு தயாராகிறது. பயாஸ் தேதி தெரியும் போட்டோவும் அதோடு போகிறது.