காபி மெஷினுக்கு "பம்ப் போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

நேற்று ராத்திரிதான் கடைசிப் பதில் வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டது." எதுவும் தீரவில்லை. புது மெஷின் விலையில் சரிபாதியைக் கொடுத்து ஏமாந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே எதை எதைப் பார்க்கலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

காபித்தூள் அடைத்த கேப்ஸ்யூலைப் போட்டு பட்டனை அமுக்கினால் ஒரு கப் காபி வருமே, அந்த மாதிரி சின்ன மெஷின் எங்களுடையது. இரண்டரை வருஷமாக ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. போன மாதம் ஒருநாள் காலையில் முக்கால் கப்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து அரைக் கப். அப்புறம் கால் கப் வந்து, புஸ் புஸ்ஸென்று காற்றைத் துப்பிவிட்டு நின்றுபோனது. பம்ப் ஓடும் சத்தம் மட்டும் எப்போதும்போல் நன்றாகவே கேட்டது. இந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்க ஆள் அனுப்பும் செயலி ஒன்றில் பதிவு செய்தேன். பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் இந்தப் பதிவையே தூக்க வைத்துவிடுவார்கள். மறுநாளே ஒரு பையன் வந்தான். 25 வயது இருக்கும். மரியாதையான பேச்சு. "ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கக்கா" என்றான். ஓட்டினேன். மெஷினின் பக்கவாட்டில் காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டான். "பம்ப் போச்சுக்கா" என்றான்.

நான்தான் கேட்டேன், "அப்போ புதுசே வாங்கிடலாமா தம்பி?" என்று. அதற்கு அவன் சொன்னதில்தான் நான் விழுந்தேன். "வேண்டாம்க்கா. இது நல்ல மெஷின். பம்ப் மட்டும் மாத்தினா இன்னும் நாலு வருஷம் ஓடும். எதுக்கு வீணா செலவு பண்றீங்க?" நம் காசை மிச்சப்படுத்தச் சொல்கிறவன்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு பம்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். இரண்டு பக்கமும் குழாய் மாட்டும் மூக்கு. துளித் தூசி இல்லை, புது ரப்பர் வாசனை. "ஒரிஜினல்க்கா" என்றான். மெஷின் விலையில் பாதி கேட்டான். நான் பேரம் பேசவில்லை. இங்கே பிரித்தால் தண்ணீர் சிந்தும், பட்டறையில் வைத்து மாற்றி நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றான். பணத்தையும் கொடுத்து மெஷினையும் தூக்கிக் கொடுத்தேன்.

அந்தப் புதுப் பம்பை நான் பார்த்தது அதுதான் கடைசி.

மறுநாள் சாயங்காலம் மெஷின் பளபளவென்று துடைத்து வந்தது. என் கண்முன்னே ஒரு கப் முழுசாக இறங்கியது. பழைய பம்ப் எங்கே என்றேன். "குப்பைல போட்டுட்டேன்க்கா." சரி என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் மறுபடி அரைக் கப்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. அவனுக்குப் போன் செய்தால் முதல் தடவை "வண்டில இருக்கேன்க்கா, சாயங்காலம் கூப்பிடறேன்". இரண்டாம் தடவை "பத்து நிமிஷம்க்கா". மூன்றாம் தடவையிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பதில்லை. செயலியில் எழுதினால் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று நான்கு பேர் நான்கு தடவை வருந்தினார்கள். அவர்களே அனுப்பிய பில்லை என்னிடம் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். பாகத்துக்கு 30 நாள் வாரண்டி உண்டாம், ஆனால் ஆள் வந்து பார்க்க மறுபடியும் வருகைக் கட்டணமாம். ஏற்கெனவே மெஷின் விலையில் பாதியைக் கொடுத்தவளிடம் இதைக் கேட்கிறார்கள். நான் விடவில்லை. கடைசியாக ஒருவர் எழுதினார்: "உங்கள் வீட்டுத் தண்ணீரில் உப்பு அதிகம் இருக்கலாம். அதனால் வரும் பழுது வாரண்டிக்குள் வராது."

அதைப் படித்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. உப்புதான் காரணம் என்றால் பம்பை ஏன் மாற்றினீர்கள்? வந்த பையன் என்னிடம் ஒரு தடவைகூட "கடைசியாக எப்போ உப்பு எடுத்தீங்க?" என்று கேட்கவில்லை. இந்த மெஷினில் எல்லாரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வியே அதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூடாகும்போது பிரிந்து, ஹீட்டரிலும் பென்சில் தடிமன்கூட இல்லாத குழாயிலும் படிகிறது. வழி குறுகக் குறுகக் கப்பும் குறைகிறது. கூடவே கேப்ஸ்யூலைக் குத்தித் தண்ணீர் விடும் ஊசியும் அடைத்தால் கேட்கவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். முதலில் டேங்கைக் கழற்றி அடியிலிருக்கும் ஸ்பிரிங் வால்வை விரலால் அமுக்கிப் பார்த்தேன், தடையில்லாமல் ஏறி இறங்கியது. உள்ளே இருக்கும் மிதவையும் சிக்கவில்லை. டேங்கைத் திரும்ப மாட்டி, கேப்ஸ்யூல் உட்காரும் கிண்ணத்தையே வெளியே எடுத்துவிட்டு வெறும் வெந்நீரை ஓட்டினேன். அப்போதும் அரைக் கப், அதுவும் நூல் மாதிரி. அதாவது அடைப்பு கிண்ணத்துக்கு மேலேயே இருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கி முக்கால் மணி நேரம் ஆறவிட்டேன். மூடியைத் திறந்து கீழிருந்து செல்போன் விளக்கை அடித்தேன். கேப்ஸ்யூலைக் குத்தும் மேல் ஊசியின் நுனிக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் தண்ணீர் வரும் துளைகள் இருக்கின்றன. ஒன்று முழுக்கக் கறுப்பாக மூடியிருந்தது, இன்னொன்று பாதி. காபி போட்டு முடித்துக் கைப்பிடியைத் தூக்கும்போது தூள் கொஞ்சம் ஊசிக்குள் ஏறிவிடுகிறது, அது அங்கேயே காய்ந்து இறுகுகிறது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி உள்ளே விட்டுத் திருகினேன். ஈரமண் மாதிரி ஒரு உருண்டை என் விரல்மேல் விழுந்தது. மிளகு அளவுதான் இருக்கும். இதற்குத்தான் நான் பாதி மெஷின் விலை கொடுத்தேன்! அன்றைக்கு அந்தப் பையன் இதை மேலோட்டமாகக் குத்திவிட்டுத்தான் ஒரு கப் இறக்கிக் காட்டியிருக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கிண்ணத்தின் அடியிலிருக்கும் இரண்டாவது ஊசியையும் குத்திக் கழுவினேன். கப் முக்கால் ஆனது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து டேங்கில் ஊற்றி, பாதியை ஓட்டிவிட்டு, அரைமணி நேரம் அப்படியே ஊறவிட்டு, மீதியை ஓட்டினேன். முதலில் கலங்கலாக வந்தது. அப்புறம் முட்டை ஓடு நொறுங்கின மாதிரி வெள்ளைச் சில்லுகள் கப்பின் அடியில் தங்கின. இன்னொரு தடவை அதே மாதிரி. பின்னால் மூன்று டேங்க் நல்ல தண்ணீர், புளிப்பு போகும்வரை. நாலாவது டேங்கில் காபி போட்டேன். கப் விளிம்பு வரை வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. நான் காசு கொடுத்த அந்தப் பம்பைப் பார்த்தே ஆகவேண்டும் என்று பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை வடித்து, அடிமூடியைக் கழற்றினேன். உள்ளே பம்பின் மேலே வெல்வெட் மாதிரி தூசி. குழாயைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பில் ஒரு கீறல் இல்லை, கிளிப்புக்கு அடியில் ரப்பர் பழுப்பேறி அதே அச்சில் இறுகியிருந்தது. பம்பில் ஒட்டியிருந்த லேபிளில் தேதி இருந்தது. நாங்கள் மெஷின் வாங்கியதற்கு முந்தைய வருஷம்.

மாற்றவே இல்லை. கெட்டுப்போகாத பம்பைக் கெட்டுப்போனது என்று சொல்லி, அதை மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லி, மெஷின் விலையில் பாதியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். சத்தம் நன்றாகக் கேட்டதே, தண்ணீரும் வந்ததே, அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தூசி, கிளிப், லேபிள் என்று ஆறு படம் எடுத்து அனுப்பினேன். பதில்: "வாடிக்கையாளர் தானே மெஷினைத் திறந்ததால் வாரண்டி ரத்து." அதற்கு நான் எழுதிய பதிலுக்குத்தான் நேற்று ராத்திரி "தீர்க்கப்பட்டது" என்று வந்தது. பதில் எழுதும் இடத்தையே மூடிவிட்டார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கப் குறைந்தால் முதலில் ஊசி, அடுத்து உப்பு, ஆள் கூப்பிடுவது அப்புறம். சத்தம் வந்து தண்ணீரே வரவில்லை என்றால் பம்பில் காற்று மாட்டியிருக்கலாம், டேங்கைக் கழற்றி மாட்டி நாலைந்து தடவை வெறும் தண்ணீரை ஓட்டிப் பாருங்கள். உப்பு எடுக்க எந்தத் திரவம் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஊசியில் கைவைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், கூர்மையானது, சூடும் இருக்கும். சூடே ஏறவில்லை என்றால், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்ப ஃபியூஸ் போயிருக்கலாம், அதை ஒயரால் இணைத்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், தீப்பிடிக்கும். மெஷினை வீட்டைவிட்டு வெளியே அனுப்பாதீர்கள். பாகத்தை மாற்றுவதாக இருந்தால் உங்கள் கண்முன்னே மாற்றச் சொல்லுங்கள், பழையதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.