ஏற்ற இறக்கத்தில் எந்த உணரியை நம்புவது?

குன்னூரில் பேருந்து நிலையத்திலிருந்து பெட்போர்டுக்கு ஏறினாலும், எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கினாலும், சில அடிக்கு ஒருமுறை மேடு, சரிவு, படி என்று காலின் வேலை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே மோட்டார் பொருத்திய செயற்கைக் காலையோ, காலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் நடைச்சட்டத்தையோ நீலகிரிவாசி ஒருவர் தேர்ந்தெடுக்கும்போது, அதன் எடையையும் விசையையும் விட, அணிந்தவரின் அடுத்த அசைவை அது எந்த உணரியை (சென்சார்) கொண்டு அறிகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

தோலில் ஒட்டிய மின்முனைகள் வழியாகத் தசையின் மின்குறிப்பைப் படிப்பது முதல் வழி. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷியுகி சங்காய் உருவாக்கிய ‘ஹால்’ நடைச்சட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. தசை இழுக்கத் தொடங்குவதற்குச் சில பத்து மில்லி விநாடிகளுக்கு முன்பே குறிப்பு எழுந்துவிடுவதால், கருவி முந்திக்கொண்டு உதவ முடிகிறது. இதுதான் இவ்வகையின் தனிச்சிறப்பு. ஆனால் அந்தக் குறிப்பு சில மில்லிவோல்ட்டைத் தாண்டுவதில்லை. அதன் அலைவரிசை ஏறத்தாழ 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை பரவியிருப்பதால், நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதற்குள்ளேயே வந்து விழுகிறது. டிசம்பர் காலைக் குளிரில் தோல் வறண்டால் மின்முனையின் தொடர்பு கெடும். ஸ்வெட்டரோடு மேடேறி வியர்த்தால் ஒட்டியதே நழுவும். உடல் வெடவெடத்தால், நடக்கும் எண்ணமே இல்லாதபோதும் தசை மின்குறிப்பை எழுப்பும்.

இரண்டாவது வழி, மூட்டின் கோணம், கருவியின் தண்டின் மேல் விழும் பாரம், காலின் சாய்வு ஆகியவற்றை அளந்து அசைவை ஊகிப்பது. 1997இல் ஜெர்மனியின் ஓட்டோபாக் அறிமுகப்படுத்திய ‘சி-லெக்’ முழங்கால், இத்தகைய அளவுகளை விநாடிக்கு 50 முறை எடுத்து, மூட்டு மடங்குவதற்கான எதிர்ப்பைக் கூட்டிக் குறைத்தது. இவ்வகை எண்ணத்தை அறிவதில்லை, அதன் விளைவையே அறிகிறது. அதனால் சமதரை முடிந்து படி தொடங்கும் இடத்தில் தாமதிக்கக்கூடும். ஆயினும் குளிரும் வியர்வையும் இதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. இதே வழியைப் பின்பற்றும் ‘ரீவாக்’ நடைச்சட்டம், உடல் முன்சாய்வதைக் கண்டு அடியெடுக்கிறது. தண்டுவடம் முற்றிலும் அறுந்து காலில் தசைக்குறிப்பே வராதவருக்கு இது பொருந்தும். ஆனால் மேடேறுபவர் எப்படியும் முன்சாய்ந்தே நிற்பார் என்பதால் இதை இங்கே நான் தயக்கத்தோடுதான் பரிந்துரைப்பேன்.

மூளையலையைப் படிக்கும் நடைச்சட்டம் 2014 உலகக் கோப்பைக் கால்பந்துத் தொடக்க விழாவில் பந்தை உதைத்துக் காட்டியது உண்மைதான். தலையில் தொப்பியும் பசையுமாகச் சந்தைக்குப் போகும் நிலை இன்னும் வரவில்லை என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் நீட்டிக்க வேண்டியதில்லை.

மலையில் இரண்டு தவறுகளும் சமமல்ல. ஏறும்போது உதவி தாமதித்தால் களைப்பு. இறங்கும்போது கேளாத அடி ஒன்று எழுந்தால் விழுகை. எனவே கோணம், பாரம், சாய்வு ஆகிய அளவுகளையே அடிப்படையாகக் கொண்டு, தசைக்குறிப்பு தெளிவாக இருக்கும்போது மட்டும் அதைத் துணைக்குச் சேர்க்கும் கருவியே என் தேர்வு. கைக்கு அடங்காத விலையென்றால், சென்னை ஐஐடி 2022இல் வெளியிட்ட, உணரியே இல்லாத, பல அச்சுகளில் மடங்கும் முழங்கால் மூட்டையும் முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். எதை வாங்குவதானாலும், மருத்துவமனையின் வழவழப்பான நடைபாதையில் பார்த்ததோடு விடாமல், சிம்ஸ் பூங்காவின் சரிவு போன்ற ஓரிடத்தில் துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு பாதி இறங்கி, நின்று, திரும்பி, மீண்டும் ஏறிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.