ஃபிட் ஆரியா வாங்க நினைப்பவர்களுக்கு: சேல்காரர் காட்டுகிற சோதனையை நம்பாதீர்கள்

கிளிநொச்சி, பரந்தன், மாங்குளம் பக்கம் பழைய ஹொண்டா ஃபிட் ஆரியா தேடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். ஏ9 வீதியோரத்தில் பழைய கார் விற்கிற கார் சேல் ஒன்றில் நான் வாங்கிய வண்டியின் கதை இது. முறைப்பாடு இன்னும் முடியாததால் சேலின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலைகளைப் பார்த்த வவுனியா மெக்கானிக், "இதெல்லாம் இப்ப எல்லா இடத்திலயும் நடக்கிறதுதான் ரீச்சர்" என்று சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் என்னை எழுத வைத்தது.

அவர்கள் எதையும் மறைக்கிற ஆட்களாகத் தெரியவில்லை. பொனற்றைத் திறந்து காட்டினார்கள். காரின் கணினியில் பிழை ஏதும் பதிந்திருக்கிறதா என்று ஸ்கான் போட்டார்கள். ஓடிப் பார்க்கத் தந்தார்கள். கீழே குனிந்து ரோர்ச் அடித்துப் பார்க்கவும் விட்டார்கள். வேறென்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒவ்வொரு சோதனையும் நாங்கள் போவதற்கு முன்பே ஒத்திகை பார்த்து வைக்கப்பட்டிருந்தது என்பது மாரி தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஏன் ஆரியா என்று கேட்பீர்கள். எனக்குப் பாடசாலை ஒட்டுசுட்டான் பக்கம். அம்மாவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும், மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிற வயது அவவுக்கு இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள், ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிது பக்கத்திலும் போக முடியாது. இருபது வருடப் பழசுக்கு முப்பது இலட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், கொடுக்கிறோம். இருக்கிறதில் சின்ன செடான், நல்ல டிக்கி, பெற்றோல் குறைவாகக் குடிக்கும் என்று பார்த்தால் ஆரியாவில் வந்து நிற்கும். அந்தக் கணக்கில் பிழை இல்லை. நல்ல ஆரியா நல்ல கார்தான்.

அத்தானையும் கூட்டிக்கொண்டு போனேன். காசு என்னுடையது, ஓடப்போவது நான், ஆனால் சேல்காரர் பதில் முழுவதையும் அத்தானைப் பார்த்தே சொன்னார். என்னிடம் அவர் நேராகக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "வெளியில ஆக்கள் இருக்கினமோ ரீச்சர்?" அண்ணா கனடாவில் என்றேன். விலை அதற்குப் பிறகுதான் அவர் வாயிலிருந்து வந்தது. "டொக்டர் ஒருத்தர் ஓடினது, மழைக்குக்கூட வெளிய எடுக்கேல்ல" என்றார். வன்னியில் விற்பனைக்கு நிற்கிற பழைய கார்கள் எல்லாவற்றையும் டொக்டர்மார்தான் ஓடியிருக்கிறார்கள் என்றால், எங்கள் ஆஸ்பத்திரிகளில் டொக்டர் பற்றாக்குறையே இருக்கக்கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலாவது, பிளக், அதாவது எஞ்சினுக்குள் பெற்றோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக். எங்கள் பக்கம் அதிகம் வருகிற 1.3 லீற்றர் ஆரியாவில், ஜி.டி.6 என்று சேசி இலக்கம் தொடங்குகிற வகையில், ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க எட்டு கொயில். முன்வரிசை பொனற்றைத் திறந்ததும் கைக்கு எட்டும். பின்வரிசைக்குப் போவதென்றால் வைப்பர் பக்கத்து பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி மினக்கெட வேண்டும். சேல்காரர் எங்கள் முன்னாலேயே முன்வரிசையில் ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டினார். பளபளவென்று புதுசு. "எல்லாம் மாத்தின கையோட நிக்குது அண்ணை." வவுனியாவில் பின்வரிசையைக் கழற்றியபோது நான்கும் தீய்ந்து முனை தேய்ந்து கிடந்தன, ஒரு கொயில் வேலையே செய்யவில்லை. சிலிண்டரில் ஒரு பிளக் மட்டும் வேலை செய்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், இழுவை குறையும், பெற்றோல் கூடக் குடிக்கும். சும்மா ஓடிப் பார்க்கிற ஒருவருக்கு அது பிடிபடாது. ஆரியா பார்க்கப் போனால் பின்வரிசைப் பிளக் ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் முகம் போகிற போக்கைப் பாருங்கள்.

இரண்டாவது, கியர் பொக்ஸ். இதில்தான் என் காசு முழுக்கப் போயிருக்கிறது. ஆரியாவில் இருப்பது சி.வி.ரி., கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடுகிற ஓட்டோ கியர் பொக்ஸ். அந்தக் கால ஹொண்டா சி.வி.ரி.யில், மற்ற ஓட்டோ கார்களில் இருக்கிற டோர்க் கொன்வேர்ட்டருக்குப் பதிலாக ஸ்டார்ட் கிளச் என்று ஒன்று இருக்கும். நின்ற இடத்திலிருந்து கார் நகர்வது அதனால்தான். அது தேய்ந்தால், அல்லது முன்னைய ஆட்கள் ஹொண்டாவின் சி.வி.ரி. ஒயிலை விட்டுவிட்டுக் கண்ட ஒயிலையும் ஊற்றியிருந்தால், கார் புறப்படும்போது உதறும். சின்னதாகத் தொடங்கி, பிறகு காருக்குள் இருக்கிறவர்களின் தலை ஆடுகிற அளவுக்கு வரும். இதில் விற்கிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: ஒயிலைப் புதிதாக மாற்றினால் அந்த உதறல் கொஞ்சக் காலத்துக்கு அடங்கும். கிளச் குணமாகியிருக்காது, சத்தம் போடாமல் இருக்கும், அவ்வளவுதான். என் காருக்கு விற்பதற்குக் கிட்டத்தான் ஒயில் மாற்றியிருக்கிறார்கள் என்று அதன் நிறத்தைப் பார்த்தே மெக்கானிக் சொன்னார். "புது ஒயில் விட்டிருக்கு" என்று சேல்காரரும் சொல்லியிருந்தார்தான், அதைப் பராமரிப்பு என்றுதானே யாரும் எடுத்துக்கொள்வார்கள்.

ஓடிப் பார்த்த பாதையையும் அவர்தான் தெரிவு செய்தார். சேல் வாசலிலிருந்து ஏ9இல் ஏறி, கார்ப்பெற் வீதியில் நேராகப் போய், திரும்பி வருவது. நிற்பது ஒருமுறை, புறப்படுவது ஒருமுறை. ஸ்டார்ட் கிளச்சின் நோய் அதில் எப்படித் தெரியும்? மெதுவாக ஊர்ந்து, நின்று, திரும்ப ஊர்ந்து, மேட்டில் நிறுத்திப் புறப்பட்டு, மேட்டிலேயே ரிவேர்ஸ் எடுத்துப் பார்த்தால்தான் அது வாய் திறக்கும். வன்னியில் மேட்டுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், ஒவ்வொரு ஊரிலும் குளக்கட்டு இருக்கிறது. கட்டுக்கு ஏறுகிற சரிவில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு நிறுத்தி எடுங்கள். அப்படியே கிரவல் ஒழுங்கையிலும் ஒரு தடவை விட்டுப் பாருங்கள், குலுக்கலைத் தாங்குகிற ஷோக்கும் புஷ்ஷும் என்ன நிலையில் இருக்கின்றன என்பதைக் கார்ப்பெற் வீதி ஒருநாளும் சொல்லாது.

எஞ்சின் சூட்டைப் பற்றியும் எழுத வேண்டும். பத்து மணிக்கு வாருங்கள் என்றார்கள். போனபோது பொனற் சுட்டது. "இப்பதான் கழுவிக்கொண்டு வந்தனாங்கள்" என்றார்கள். குளிர்ந்து கிடந்த எஞ்சினை முதல்முறை முறுக்கும்போதுதான் எஞ்சினுக்குள் இருக்கிற செயினின் கலகலப்பும் பின்னால் வருகிற நீலப் புகையும் தெரியும். சூடாக்கி வைத்தால் இரண்டும் அடங்கிவிடும். சொல்லாமல் கொள்ளாமல் காலை ஆறரைக்குப் போய் நில்லுங்கள். பொனற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள்.

ஸ்கான் காட்டியதும் இதே கதைதான். அவர்களின் மெக்கானிக் பாஸ் ஒருவர் கருவியோடு தயாராக நின்றார், மாட்டினார், ஒரு பிழையும் இல்லை என்று திரையைத் திருப்பிக் காட்டினார். பிழைக் குறிகளை அழிப்பதற்கு அதே கருவியில் ஒரு பொத்தான் போதும் என்பது பலருக்குத் தெரியாது. காலையில் அழித்தால் பத்து மணிக்குச் சுத்தமாகத்தான் காட்டும். திரும்ப அந்தப் பிழை எழும்பி வர கார் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அதனால் ஓடிப் பார்ப்பதற்கு முன்பு ஸ்கான் பார்ப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை. நீங்கள் கூட்டிப்போகிற ஆள், நன்றாக ஓடிவிட்டு வந்த பிறகு, தன் கருவியில் பார்க்க வேண்டும்.

டாஷ்போர்ட் விளக்குகளில் இன்னொரு வேலை செய்திருந்தார்கள். திறப்பைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் விட்டால், எயார்பேக் விளக்கு எரிந்து சில விநாடிகளில் தானாக அணைய வேண்டும். என் காரில் அது எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்வரை எரிந்துகொண்டே நின்று, ஒயில் விளக்கோடு சேர்ந்து அணைந்தது. இரண்டு வயரையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள். அவசரமாகப் பார்க்கிறவருக்கு "விளக்கு எரிஞ்சது, அணைஞ்சது, சரி" என்றுதான் தோன்றும். ஏன் கட்டினார்கள் என்றால் உள்ளே எயார்பேக் ஏற்கெனவே வெடித்துப் போயிருக்கிறது. அந்தக் காலத்து ஹொண்டாக்கள் பலவற்றில் தகாட்டா கொம்பனி செய்த எயார்பேக்கை மாற்றித் தர உலகம் முழுக்கத் திருப்பி அழைத்தார்கள். இருக்கிற எயார்பேக்கையே விசாரித்துப் பார்க்க வேண்டிய வண்டி இது. எனக்குக் கிடைத்ததில் விசாரிக்க ஒன்றும் இல்லை, ஸ்டியரிங்குக்குள் வெறும் மூடி.

வெடித்திருக்கிறது என்றால் பலமாக அடிபட்டிருக்கிறது. முன்பக்கத்தில் தகட்டைத் தட்டி நிமிர்த்திய ரிங்கரிங் வேலையை மெக்கானிக் பிறகு காட்டினார், பொனற் பிணைச்சல் போல்டுகளில் பெயின்ற் உடைந்து கிடந்தது. பின்பக்கம் தனிக் கதை. முதல் மாரி மழைக்கு டிக்கிக்குள் தண்ணீர் நின்றது. விரிப்பைத் தூக்கி ஸ்பெயார் வீலையும் எடுத்துப் பார்த்தால், அந்தக் குழியின் ஒரு பக்கம் வேறொரு தகட்டை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். மேலே தாராளமாகக் கறுப்புப் பூச்சு. சேலில் டிக்கியைத் திறந்து காட்டியபோது அதற்குள் ஏதோ பெட்டிகள் அடுக்கியிருந்தது இப்போது ஞாபகம் வருகிறது. ஸ்பெயார் வீலை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பொடியில் சின்னக் காந்தம் ஒன்றை வைத்து நகர்த்திப் பாருங்கள், பட்டி அப்பின இடத்தில் அது ஒட்டாது. கண்ணாடிகளின் மூலையில் இருக்கிற கொம்பனி முத்திரை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்க்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவில் 2018 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வாகனங்களும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன, சீற் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள்.

மீற்றர் 94 ஆயிரத்தைக் காட்டியது. பொனற்றின் உள்பக்கம் பாதி சுரண்டிக் கிடந்த ஒயில் ஸ்டிக்கரில் அடுத்த மாற்றம் 183,000இல் என்று எழுதியிருக்கிறது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனிக் கடதாசி. வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிற பெயர் கம்பஹா மாவட்டத்து ஒருவருடையது. சேல்காரர் தந்தது ஓபன் பேப்பர்: அந்த மனிதர் கையெழுத்துப் போட்டு, வாங்குகிறவர் பெயர் வெற்றிடமாக இருக்கிற மாற்றப் படிவங்கள். இடையில் இரண்டு மூன்று பேர் கைமாறியிருக்கிறார்கள், ஒருவரும் தங்கள் பெயருக்கு மாற்றவில்லை. நான் பெயர் மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குக் கொண்டுபோனால் கையெழுத்து ஒத்துவரவில்லை, ஆளைக் கூட்டி வாருங்கள் என்கிறார்கள். அந்த மனிதரைத் தேடிப் பிடித்துக் கதைத்தோம், அவர் பாவம், எப்போதோ விற்ற காரைப் பற்றி ஏன் கேட்கிறீர்கள் என்றார்.

சேலுக்குப் போனால் அத்தானைக்கூட இப்போது அவர்கள் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. "நாங்கள் சும்மா புரோக்கர்தான், வித்தது அவர்" என்கிறார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தால் அதுதான் எழுதியும் இருக்கிறது. விற்றவர் என்ற இடத்தில் கம்பஹாக்காரரின் பெயர், சேலின் முத்திரை எங்கும் கிடையாது. பொலிஸில் முதலில் கேட்டதும் ரசீதில் யாருடைய பெயர் என்பதைத்தான். பணத்தை வங்கி மூலம் சேல்காரரின் கணக்குக்கு அனுப்பியிருந்தது ஒன்றுதான் இப்போது எங்களிடம் இருக்கிற பிடி. அண்ணா கையில் காசாகக் கொடுக்க வேண்டாம் என்று அடம்பிடித்ததால் வந்தது அது. வங்கிச் சிட்டை, சேலின் விளம்பரப் படம், மீற்றர் கணக்கு எழுதி அவர்கள் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, மெக்கானிக் எழுதித் தந்த குறிப்பு, எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அவர்களின் உடனடி இலக்கம் 1977. விற்பவர் உங்களுக்கு அனுப்புகிற எந்தச் செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்று சிலர் சொல்கிறார்கள், அதையும் யோசிக்கிறோம். கார் வவுனியாக் கராச்சில் நிற்கிறது. ஸ்டார்ட் கிளச்சுக்கு இலட்சக் கணக்கில் சொல்கிறார்கள், பெயர் மாறாத காருக்கு அந்தக் காசைக் கொட்ட எனக்கு மனம் இல்லை. அம்மாவின் அடுத்த கிளினிக்குக்கு வான் பிடித்தாயிற்று.